வாலோடு எடுத்த படம்

சூடு கத்திரியை அலுவலக அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய அன்று தாதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாவியை அத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரொம்பப் பல்லைக் காட்டாதே. இந்த ஒரு பேட்சுக்குத்தான். வாலை வெட்டாம வளர்த்துக் காட்டு, குட்டிங்க முழு வாலோட பெரிய கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தா கத்திரியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு முதலாளி சொல்லியிருக்கார். நடுவுல ரத்தம் பார்த்தா கத்திரி மறுபடி வெளியே வரும். பேச்சு மாற மாட்டேன்."

"ஒரு சொட்டு ரத்தம் கூடவா? கொஞ்சம் தாராளமாச் சொல்லுங்களேன் அத்தான்."

"வால் விஷயத்துல தாராளம் கிடையாது."

தாதி என்பது பட்டப்பெயர். பண்ணையில் பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகள் இருக்கும் கொட்டகை அவள் பொறுப்பு. வயிற்றுப்போக்கு வந்த குட்டியை மடியில் போட்டுக்கொண்டு மருந்து ஊட்டுவதைப் பார்த்த தீவனக்காரர் வைத்த பெயர் அது. வைத்ததிலிருந்து வேறு பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. அத்தான் அவளுடைய அக்கா கணவர், பண்ணையின் மேலாளர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் எல்லாரும் அவரை ரசமட்டம் என்பார்கள். இங்கே வருவதற்கு முன் ரசமட்டக் கருவியை வைத்துச் சுவருக்கு மட்டம் பார்க்கும் கட்டட மேஸ்திரியாக இருந்தவர், இந்தக் கொட்டகைகளைக் கட்டியதே அவர்தான். சுவர் ஒரு நூல் விலகாது. எங்கே எது ஏறி இறங்கி நின்றாலும் அவர் கண்ணை உறுத்தும். தீவன மூட்டைகளின் அடுக்கு, சுவரில் தொங்கும் வாளிகள், வீட்டில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். "என்கிட்ட இவருக்குப் பிடிச்சதே பல் வரிசைதான்னு நினைக்கிறேன்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

பன்றிக்குட்டிக்கு வாலை ஏன் வெட்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்ற குட்டிகள் கடித்துவிடும் என்பதற்காகத்தான். அப்படியானால் ஏன் கடிக்கின்றன? பன்றியின் மூக்கைப் பார்த்தால் விடை தெரியும். மண்ணைக் கிளறுவதற்கென்றே அமைந்த மூக்கு அது. திறந்த வெளியில் விட்டால், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தோண்டும், புரட்டும், எதையாவது மெல்லும். அதைக் கொண்டுவந்து சாணம் கீழே விழ இடைவெளி விட்ட பிளாஸ்டிக் தரையில் விட்டால் மூக்குக்கு வேலை போய்விடுகிறது. வேலையில்லாத மூக்கின் எதிரே, சரியாக அதே உயரத்தில், ஆடிக்கொண்டிருப்பது பக்கத்துக் குட்டியின் வால் ஒன்றுதான். முதலில் சும்மா வாயில் வைத்துச் சப்பும். வாலுக்குச் சொந்தக்காரக் குட்டியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஒருநாள் பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வரும். ரத்தத்தின் ருசி கண்டுவிட்டால் அந்த அடைப்பு முழுவதும் அந்த ஒரு வாலைத் துரத்தும், பிறகு அடுத்த வாலை. கடிபட்ட இடம் சீழ் பிடித்து முதுகெலும்பு வரை ஏறுவதும் உண்டு. அதனால் குட்டி பிறந்த சூட்டோடு பாதி வாலைச் சூடு கத்திரியால் நறுக்கிவிடுகிறார்கள். கடிக்க வைக்கிற காரணம் அப்படியே இருக்கும், கடிக்கக் கிடைக்கிற பொருள்தான் இருக்காது.

தாதி காரணத்தின் மேல் கை வைத்தாள். வேளாவேளைக்கு வைக்கோல் போட்டாள். சணல் கயிற்றை முடிச்சுப் போட்டு மூக்குயரத்தில் தொங்கவிட்டாள். படுக்கும் இடத்தில் மின்விசிறிக் காற்று நேரே அடிக்காதபடி தகடு வைத்து மறைத்தாள். குளிர்ந்தால் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுக்கும், ஏறிப் படுத்தால் மிதி, மிதிபட்டால் எரிச்சல், எரிச்சல் வந்தால் கடி. அடைப்புக்கு நடுவில் ஒரு குட்டைப் பலகையும் நிறுத்தினாள். துரத்தப்படும் குட்டி அதன் பின்னால் போய் மறைந்துகொண்டால் துரத்துகிற குட்டி பாதியில் மறந்துவிடும். கண்ணில் படாத எதிரியை நினைவில் வைத்திருக்கும் பழக்கம் மனிதர்களுக்குத்தான் அதிகம்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒரு தாய் ஒரே தடவையில் போட்ட குட்டிகளை, அதாவது ஒரே ஈத்துக் குட்டிகளை, அவள் பிரிக்கவில்லை. பிறந்த சில நாளிலேயே ஒவ்வொரு குட்டியும் தாயிடம் ஒரு காம்பைப் பிடித்துவிடும். முன்வரிசைக் காம்புகளில் பால் அதிகம், அதற்குத்தான் அடிதடி. அது முடிந்துவிட்டால் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி, பால் மறக்கும் வரை அவரவர் காம்பு அவரவருக்கு. யார் பெரியவன், யார் ஒதுங்கிப் போக வேண்டியவன் என்பதும் அந்தச் சண்டையிலேயே தீர்ந்துவிடும். அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும் வரை அடைப்புக்குள் அமைதி. முன்பின் தெரியாத குட்டிகளை ஒன்றாகத் தள்ளினால் வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.

எடை பார்க்கவும் ஊசி போடவும் குட்டிகளை வெளியே எடுக்கும்போது ஈத்துகள் கலந்துவிடாமலிருக்க, முதுகில் வண்ண மை தெளித்து வைத்திருந்தாள். ஓர் ஈத்துக்குத் தோளில் சிவப்பு, இன்னொன்றுக்கு இடுப்பில் நீலம், அடுத்ததற்கு நடுமுதுகில் பச்சை. ஈத்தைச் சொல்லும் வேறு அடையாளம் எதுவும் அந்தக் குட்டிகளுக்குக் கிடையாது.

ஒருநாள் அத்தான் வேலி மேல் சாய்ந்து நின்று கேட்டார். "என்ன இது, ஆளுக்கு ஒரு கலர் அப்பி வச்சிருக்கே?"

"அழகு நிலையம் திறந்திருக்கேன் அத்தான். நீங்களும் வர்றீங்களா? முடிக்குக் கருப்பு இருக்கு."

தீவனக்காரர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அத்தானும் சிரித்துக்கொண்டே தலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். கேட்ட கேள்விக்கு அன்று அவள் பதில் சொல்லவில்லை. வைக்கோலைப் பற்றி, காற்றைப் பற்றி, பலகையைப் பற்றியெல்லாம் அவரை உட்காரவைத்துக் காது வலிக்கப் பேசியவள், இந்த ஒன்றை மட்டும் வேடிக்கையாக விட்டுவிட்டாள்.

வாலைப் பார்த்தே கொட்டகையின் நிலவரத்தைச் சொல்ல அவள் பழகியிருந்தாள். வால் சுருண்டிருந்தால் எல்லாம் சரி. வால் நேராகத் தொங்கிப் பின்கால்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டால் ஏதோ சரியில்லை. கடி தொடங்குவதற்குப் பல நாள் முன்பே வால் இறங்கிவிடும். காலையில் கதவைத் திறந்ததும் அவள் கண் வரிசையாக வால்களைத்தான் மேயும். ஒவ்வொரு காலையும் எல்லாம் சுருள் சுருளாக நின்றன. பெரிய கொட்டகைக்கு மாற்றும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பார்வையாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது. வெளியூர்ப் பண்ணைக்காரர்கள் சிலர், வாலோடு வளர்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானுக்கோ கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் கண்ணுக்கு அந்தக் கொட்டகை அலங்கோலம். ஒரே அடைப்பில் குண்டுக் குட்டியும் நோஞ்சான் குட்டியும், தரையெல்லாம் வைக்கோல், முதுகெல்லாம் மை.

"இந்தச் சின்னதை எல்லாம் ஒரு பக்கமாப் போட்டா என்ன?" என்றார்.

"வேண்டாம் அத்தான். அதுங்க அண்ணன் தம்பிங்க."

"அண்ணன் தம்பின்னா ஒரே தட்டுலயா சாப்பிடணும்?" என்றார். அப்படியே அடுத்த அடைப்பைப் பார்க்கப் போய்விட்டார். அவள் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பார்வையாளர்கள் வருவதற்கு முந்தைய நாள், அக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. "நீ போய் அவகூட இரு. அவளுக்கு ஊசின்னா பயம். ராத்திரி அங்கேயே தங்கிட்டு நாளைக்குச் சாயந்தரமா வா" என்றார் அத்தான்.

"நாளைக்குத்தானே ஆளுங்க வர்றாங்க?"

"வரட்டுமே. நான் எதுக்கு இருக்கேன்? நீ லீவு போட்டே எவ்வளவு நாளாச்சு!"

பாசமாகத்தான் சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் மதியம் அக்கா வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, ஒரு கன்னம் மட்டும் உப்பிப்போய்ச் சோபாவில் கிடந்தாள். போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க அத்தான் படம் அனுப்பியிருக்கார்" என்று குழறினாள். "நல்லாருக்கு பாரு."

தாதி வாங்கிப் பார்த்தாள். கொட்டகையின் நடுப்பாதையில் முதலாளியும் விருந்தாளிகளும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் அடைப்புகள். துடைத்துவிட்ட மாதிரி தரை. முதல் அடைப்பில் எல்லாம் பெரிய குட்டிகள், அடுத்ததில் எல்லாம் நடுத்தரம், அதற்கடுத்ததில் எல்லாம் சிறியவை. முதுகுகளின் மேல் ஒரு பலகையை வைத்தால் ஆடாமல் நிற்கும். பளிச்சென்ற இளஞ்சிவப்பு முதுகுகள். ஒரு பொட்டு மை இல்லை.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பக்கத்தில் நகர்த்தினாள். இன்னும் நகர்த்தினாள்.

"என்னடி தேடுறே?"

"வால்."

எல்லா வாலும் இருந்தது. ஒன்று கூடச் சுருண்டிருக்கவில்லை.

"உனக்குத் தெரியுமாக்கா?"

அக்கா பஞ்சை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். "நீ இருந்தா குறுக்கே விழுந்து படுப்பேன்னு சொன்னார். ஒரு நாள் கூத்துதானே, அப்புறம் அவ இஷ்டத்துக்கு மாத்திக்கட்டும்னார். எனக்கும் பல் பிடுங்கத்தானே வேண்டியிருந்தது? பொய் ஒண்ணும் இல்லையே."

"மாத்திக்கட்டும்னாரா? எப்படிக்கா மாத்துறது? எதைப் பார்த்து மாத்துறது?"

அக்காவுக்கு அது புரியவில்லை. தங்கை செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்குவதை மட்டும் பார்த்தாள்.

கொட்டகைக்குள் நுழையும்போது விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். சத்தம் வாசலிலேயே கேட்டது. குட்டிகள் தோளோடு தோள் முட்டி, வட்டம் சுற்றி, காதையும் கழுத்தையும் குறிவைத்துக் கடித்துக்கொண்டிருந்தன. ஓரங்களில் சில குட்டிகள் நனைந்த உடம்போடு குவியலாக நடுங்கிக்கொண்டிருந்தன. காற்றை மறைத்த தகட்டைக் கழற்றியிருந்தார்கள், படத்தில் விகாரமாகத் தெரியும் என்று. குட்டைப் பலகைகள் சுவரோரம் ஒரே உயரத்தில் அடுக்கியிருந்தன.

"காலையிலேயே குழாயைப் போட்டு எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டார் தாதியம்மா" என்றார் தீவனக்காரர். "அப்புறம் ஒவ்வொண்ணாத் தூக்கி அளவு பார்த்து அளவு பார்த்துப் போட்டார். செங்கல் பொறுக்குற மாதிரி. நான் சொல்லிப் பார்த்தேன். நீ தீவனத்தைப் பாருன்னார். தீவனத்தைப் பார்த்தேன்."

அத்தான் பின்னாலேயே வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. "விருந்தாளிங்க அசந்துட்டாங்க! இப்படி ஒரு கொட்டகையைப் பார்த்ததே இல்லைன்னாங்க."

"மையை ஏன் அத்தான் கழுவினீங்க?"

"அது அழகுக்குன்னு நீதானே சொன்னே?"

அன்று சொல்லாத விளக்கம் இப்போது அடைமழை மாதிரி வந்தது. "அது எந்தக் குட்டி எந்தத் தாயோடதுன்னு அடையாளம் அத்தான். அதை வச்சுத்தான் திரும்பச் சேர்க்க முடியும். இப்போ எதை எதோட சேர்ப்பேன்? இதுங்க ஒண்ணை ஒண்ணு வாசனையிலதான் கண்டுபிடிக்கும், அதையும் சேர்த்துக் கழுவிட்டீங்க. பெருசும் சிறுசும் மோதினா சிறுசு சட்டுனு விலகிடும். ஒரே அளவா இருக்கிற ரெண்டு மோதினா எது விலகும்? ரெண்டுக்கும் நாமதான் ஜெயிப்போம்னு தோணும். நீங்க மட்டமா வச்சதாலதான் சண்டை முடியவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க, ஒவ்வொரு அடைப்புலயும் ஜெயிச்சது தின்னு பெருக்கும், தோத்தது இளைக்கும். நீங்க ஆசைப்பட்ட மட்டமும் இருக்காது."

"ரெண்டு நாள்ல பழகிடும். ஆளுங்க பழகலையா?"

"வைக்கோலையாவது போட விடுங்க."

"வைக்கோல் அடைக்காம சாக்கடை இப்பத்தான் ஒழுங்கா ஓடுது. அடுத்த வாரம் பார்க்கலாம்."

"இந்தப் படத்துல வாலைப் பாருங்க அத்தான். எல்லாம் தொங்குது."

அவர் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்தும் பார்த்தார். "உனக்கு எதைப் பார்த்தாலும் வால்தான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

தகட்டை அன்றே அவள் மாட்டிவிட்டாள். பலகைகளை நிறுத்தினாள், கயிறுகளைக் கட்டினாள். தெரிந்த முகங்களாகப் பார்த்துச் சில குட்டிகளைச் சேர்த்தும் பார்த்தாள். காதில் கரும்புள்ளி இருந்த குட்டி, நொண்டி நடந்த குட்டி, இரண்டையும் சரியாகக் கண்டுபிடித்தாள். மற்றவை எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. தப்பான இடத்தில் விட்ட ஒவ்வொரு குட்டியும் ஒரு புதுச் சண்டைக்கு விதை என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

சண்டை அத்தான் சொன்னபடி ஓய்ந்ததுதான். தோள்களில் கீறல்கள் காய்ந்தன. ஆனால் வால்கள் நிமிரவில்லை. தொட்டியில் தலை நுழைக்க முடியாத குட்டிகள் பின்னால் நின்றன. முன்னால் தின்கிற குட்டியை நகர்த்த அவற்றுக்குத் தெம்பில்லை. எதிரே இருந்தது அதன் பின்பக்கம். முதல் ரத்தம் வைக்கோல் வருவதற்குள் வந்துவிட்டது. அவள் கடித்த குட்டியைத் தனியாகப் பிரித்தாள், கடிபட்டதற்கு மருந்து தடவினாள். மறுநாள் பக்கத்து அடைப்பில். பிறகு எதிர் வரிசையில். காலையில் கதவைத் திறக்கும்போது சுவர்களில் குட்டிகளின் உயரத்துக்கு, ஒரே மட்டத்தில், சிவப்புத் தீற்றல்.

முதலாளி வந்து பார்த்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"வாலை விட்டதால வந்த வினை" என்றார்.

"இல்லைங்க. கலைச்சதால வந்தது. அதுக்கு முன்னாடி இத்தனை நாளா ஒரு கடி கூட..."

"கலைச்சதா? விருந்தாளிங்க வந்தப்போ எவ்வளவு நல்லா இருந்தது! நானே பார்த்தேனே. அதுக்கப்புறம்தானே இப்படி?" அவர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு இருந்த மாதிரி ஏன் இவங்களால வச்சிருக்க முடியலை?"

அத்தான் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான் கலைத்தேன், நான்தான் கழுவினேன். தாதி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயைத் திறக்காமல், வேலிக் கம்பியில் கோணலாகத் தொங்கிய கயிறு ஒன்றை இழுத்து நேராக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

முதலாளி போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "என் வேலைக்கு உலை வச்சா உங்க அக்காவும்தானே தெருவுல நிக்கணும்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்றார். அவள் யோசித்துப் பார்க்கும் முன்பே அடுத்ததையும் சொன்னார்: "புதுசாப் பிறந்ததுங்களுக்கு நீயே வெட்டிடு. வேற யார்கிட்டயாவது கொடுத்தா கசாப்புக்கடை மாதிரி பண்ணிடுவான். உன் கை பதமான கை."

கொடுமை என்னவென்றால் அது உண்மை. வேறு யாராவது வெட்டினால் குட்டிகள் இன்னும் அதிகமாகக் கத்தும். அவள் கத்திரியை வாங்கிக்கொண்டாள். குட்டியை முன்கையில் படுக்கவைத்து, பின்காலைச் சுண்டுவிரலில் இடுக்கி, ஒரே அழுத்து. பொசுங்கல் வாடை. தரையில் விட்டதும் அது தாயிடம் ஓடித் தன் காம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வாலில் மிச்சமிருந்த துண்டு, பால் இறங்கியதும், வழக்கம் போல ஆடியது.

அக்கா பேசப் பார்த்தாள், போனில், நேரில். பல் போன இடத்தில் நாக்கு அடிக்கடி போய்த் துழாவுகிறது என்று சொன்னாள். தாதி கேட்டுக்கொண்டாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். அடுத்தமுறை பார்வையாளர்கள் வந்தபோது அவர்களில் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். தாதி அலமாரியிலிருந்து கத்திரியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒரே அளவா, எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார் அவர். பிறகு குனிந்து, "ஆமா, இதுங்களுக்கெல்லாம் வால் இருக்கே? இப்போ கொட்டகையில பார்த்ததுங்களுக்கு இல்லையே?"

அத்தான் தாதியின் பக்கம் திரும்பவில்லை. "அது பழைய படங்க" என்றார். "அப்போ எங்களுக்கு அனுபவம் பத்தலை. வாலோட விட்டுப் பார்த்தோம், சரிப்பட்டு வரலை."

சட்டம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. பேசிக்கொண்டே விரல் நுனியால் தொட்டு மட்டம் பார்த்தார். தாதி கத்திரியின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். புதிய ஈத்து ஒன்று காத்திருந்தது.